ஸ்டெல்லா அக்கா அழுத்திய நெக்ஸ்ட் பட்டன்

1. நூற்றெண்பது பக்கம்

பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த நான், 2009இல் நாகர்கோவிலில் ஒரு சிறிய இ-லேர்னிங் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாளே மேனேஜர் ஜெபராஜ் சார் நூற்றெண்பது பக்க மேனுவல் ஒன்றை என் மேஜையில் வைத்தார். குளச்சல் பக்கத்து இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் சுகாதார விதிகள்.

"புதுசா வேலைக்கு வாறவங்க அரை மணி நேரத்துல முடிக்கணும் டீச்சர். இது நல்லா வந்தாதான் அடுத்த வேலை கிடைக்கும்."

மேனுவலை அப்படியே தொண்ணூறு ஸ்கிரீனாக வெட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு நெக்ஸ்ட் பட்டன். நடுவில் இரண்டு மீன் படங்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

2. ஐந்து நிமிடம்

கோர்ஸைச் சோதிக்க அந்தக் கம்பெனிக்கே போனோம். இறால் உரிக்கும் பெண்களுக்கு சூப்பர்வைசரான ஸ்டெல்லா அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நெக்ஸ்ட்டை விடாமல் அழுத்தி, ஐந்தே நிமிடத்தில் நிமிர்ந்தார்.

"முடிஞ்சு, மக்கா."

"என்ன படிச்சீங்க அக்கா?"

"படிக்கவா? நீ அமுக்கச் சொன்ன, நான் அமுக்குனேன். ரெண்டு மீன் படம் கிடந்து. ஒண்ணு சாளை. இங்க சாளையே எடுக்கமாட்டோம், கேட்டியா?"

அறையே சிரித்தது. முதலில் எனக்குக் காது சூடானது. பிறகு நானும் சிரித்துவிட்டேன். ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

"புதுசா வாறவங்க என்ன தப்பு பண்ணுவாங்க?"

"சாயாவுக்கு மணி அடிச்சா ஓடிருவாளுவ. உரிச்ச இறாலு ஐஸ் இல்லாம மேசையில கிடக்கும். வந்து மோந்து பாத்துட்டு ஒண்ணும் ஆவல்லன்னு சொல்லுவாளுவ. மூக்குக்குத் தெரியும் முன்னாலயே அது கெட்டுரும், பிள்ளே!"

அக்கா ஒரு மணி நேரம் பேசினார். எழுதி எழுதி என் கை வலித்தது.

3. தப்பான சரியான பதில்

புதிதாக எழுதிய கோர்ஸில் முதல் ஸ்கிரீனே இதுதான்: மணி அடிக்கிறது, மேசையில் உரித்த இறால், ஐஸ் தீர்ந்துவிட்டது. என்ன செய்வீர்கள்? தப்பாகத் தேர்ந்தெடுத்தால், ஏற்றுமதியான கண்டெய்னர் திரும்பி வரும். இப்படிப் பன்னிரண்டு சம்பவங்கள். மற்ற விதிகளைத் தேவைப்படும்போது திறந்து பார்க்கும் பட்டியலாக வைத்தேன்.

இறால் கம்பெனியின் மேலாளர் முகம் சுளித்தார். "மேனுவல்ல முக்கால்வாசியக் காணோமே? ஆடிட்ல நான் என்ன சொல்லுவேன்?"

"ஒரு தடவை அவங்க செய்யறதப் பாருங்க சார்" என்றேன்.

ஆறு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி, கண்டெய்னர் திரும்பி வருவதைப் பார்க்கவே வேண்டுமென்று தப்பை அழுத்தினாள். கைத்தட்டல். 'சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்' என்பதுதான் நான் வைத்திருந்த சரியான பதில். அதைப் பார்த்ததும் இன்னொருத்தி எழுந்துவிட்டாள்.

"அக்காவத் தேடிப் போறதுக்குள்ள இறாலு என்னத்துக்காகும்? தட்டத் தூக்கிட்டு ஐஸ் ரூமுக்கே போனா என்ன?"

"ஏட்டி, சரியாத்தான் சொல்லுகா!" என்றார் ஸ்டெல்லா அக்கா.

மேலாளரும் நாற்காலியை இழுத்துப்போட்டு வாதத்தில் இறங்கிவிட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அவ சொன்னதுதான் சரி. மாத்திருங்க. அடுத்த மேனுவலையும் நீங்களே எடுத்துக்கிடுங்க" என்றார். ஆடிட் பேச்சே வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: புத்தகத்தை வெட்ட உட்காரும் முன், அதைப் படிக்கப்போகிறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்தப் பக்கம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார்.