மருந்துக்கு வளராத சாமை

சாமைப் பயிர் இடுப்பளவுக்கு வளரும். என்னுடையது முழங்காலைத் தாண்டவில்லை. கதிர்வீச்சு பட்ட விதைகளை விதைத்து, அவற்றின் விதைகளை மறுபடி விதைத்ததில் தோன்றிய குட்டைச் செடிகள் அவை. கல்வராயன் மலையில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் காட்டோரம் எனக்குச் சில வரிசைகள் விட்டிருந்தார்கள். என் ஆராய்ச்சிப் படிப்பு முழுக்க அந்த வரிசைகளில்தான் இருந்தது.

செடி குட்டையாக இருக்க இரண்டு காரணம் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் அதற்குள் சுரக்காமல் இருக்கலாம். அப்படியானால் வெளியிலிருந்து தெளித்ததும் கிடுகிடுவென வளர்ந்துவிடும். இல்லையென்றால் ஹார்மோன் இருந்தும் செடி அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். எவ்வளவு தெளித்தாலும் அசையாது. என்னுடையது இரண்டாவது வகை என்று நம்பினேன். அதைக் காட்ட, நாற்று இளசாக இருக்கும்போதே தெளித்தாக வேண்டும்.

அந்த ஹார்மோன் மருந்தைப் பொடியாகவே கொடுங்கள், மலையில் கரைத்துக்கொள்கிறேன் என்று பேராசிரியரிடம் கெஞ்சினேன்.

"அந்த டப்பா லேபை விட்டு வெளியே போகாதும்மா. கரைச்சே தர்றேன். ஐஸ் போட்டு எடுத்துட்டுப் போ" என்றார்.

கரைத்த மருந்து வெயிலில் வீணாகும் என்பது எனக்குக் கற்றுக்கொடுத்த அவருக்குத் தெரியாதா? பிளாஸ்கில் ஐஸ் நிரப்பி, நடுவில் புட்டியைச் செருகிப் பஸ் ஏறினேன்.

உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. சாலையின் குறுக்கே புளியமரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. இடஒதுக்கீடு கேட்டு மறியல். லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. பிளாஸ்கை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்தேன். கொஞ்சதூரம் மாட்டுவண்டி கிடைத்தது. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டை அடைந்தபோது ஐஸ் வெந்நீராகியிருந்தது. ஊரில் யாரிடமும் ஃபிரிட்ஜ் இல்லை. புட்டியை ஈரமணலில் புதைத்து வைத்தேன்.

என் அண்ணன் சாயங்காலம் வந்தார். கோடாரி பிடித்து உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"நாளைக்கு மலைக்குப் போவணும்ண்ணா" என்றேன்.

"எந்தப் பக்கமும் பஸ்ஸு போவாது பாப்பா. நாங்கதான மரத்த வெட்டிப் போட்டுக்கினு இருக்கறோம்."

"மருந்து கெட்டுப்போவும்."

"உன்ன மாதிரி படிக்கறதுங்களுக்குத்தான் ரோட்டுல கெடக்கறோம். நாலு நாள் பொறுக்க மாட்டியா?"

"நான் பொறுப்பேன். செடி பொறுக்காது."

"இன்னா பொல்லாத செடி" என்று சொல்லிவிட்டுக் கையைத் தண்ணீர்ச் சட்டிக்குள் விட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரிலிருந்து அந்தக் கல்லூரிக்குள் நுழைந்தது நான் ஒருத்திதான். கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் பாத்திரங்களைச் சத்தமாகத் துலக்கினேன்.

சாலை திறந்த அன்றே கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறினேன். நாற்றுகள் பருவம் தாண்டிப் பக்கத் தண்டுகள் விடத் தொடங்கியிருந்தன. போதாததற்கு மழை. அது ஓய்ந்த ஒரு காலையில் குட்டை வரிசையிலும், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் விதைத்திருந்த சாதாரண உயர வரிசையில் பாதியிலும் தெளித்தேன். காட்டுக்காரரின் மனைவி களைக்கொத்தோடு வந்து நின்றார். படித்த பெண்கள் எல்லோருமே அவருக்கு டீச்சர்தான்.

"இன்னாத்துக்கு டீச்சரம்மா தண்ணி தெளிக்கறீங்க? மானமே ஊத்திக்கினு கெடக்குதே."

"மருந்துங்க. இதுக்கு நெட்டச் செடி இன்னும் நீளணும். குட்ட அப்பிடியே நிக்கணும்."

குட்டை அப்படியேதான் நின்றது. ஆனால் மருந்து பட்ட உயரச் செடிகளும் மருந்து படாத உயரச் செடிகளும் ஒரே அளவில் இருந்தன. மறுபடி மறுபடி ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். மருந்து செத்துப்போயிருந்தது. குட்டைச் செடி எதைக் கண்டுகொள்ளவில்லை என்று நான் எழுத முடியும்? வெறும் தண்ணீரையா?

"நல்ல செடியே நீளலையேம்மா. இதை வெச்சு என்ன சொல்ல முடியும்? அடுத்த வருஷம் பண்ணு" என்றார் பேராசிரியர். டப்பாவைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அடுத்த வருஷம் போனபோது காட்டில் மரவள்ளி நின்றது.

"யாவாரி வந்து நேரா காட்டுலயே எடுத்துக்கறேன்னாருங்க" என்றார் காட்டுக்காரர். "கோச்சிக்காதீங்க டீச்சரம்மா."

கோபித்துக்கொள்ள அவரிடம் என்ன இருக்கிறது? திரும்பிவந்து, கையிலிருந்த விதையை விடுதி மொட்டைமாடியில் தொட்டிகளில் விதைத்தேன். அன்றன்று கரைத்த மருந்தைத் தெளித்தேன். உயரச் செடிகள் வெளிறிப்போய், நூலாக நீண்டு, நிற்க முடியாமல் சாய்ந்தன. குட்டை ஒரு விரல்கூட வளரவில்லை.

பேராசிரியர் மாடியேறி வந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. எழுதிடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. போன வருஷமே தெரிந்திருக்க வேண்டியது. தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாய்ந்த செடிகளுக்குக் குச்சி கட்ட உட்கார்ந்தேன்.