சுவரில் ஒட்டிய நோர்வே

வீட்டுச் சுவரில் சீனரி ஒட்டிக் கொடுக்கிற தொழில் இருக்கிறதே, அதில் இறங்கியவன் தான் போகாத ஊர்களைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கல்முனையில் கடை போட்டு எட்டு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தனக்கே சரியாகத் தெரியாத சாமானை விற்று வயிறு கழுவுகிற யாராவது உங்களில் இருந்தால், இந்த வேதனை உங்களுக்குப் புரியும்.

எனக்கு இன்னொரு வேதனையும் உண்டு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைக்க வேண்டும். மகள் ஸுமையாவுக்கு நான் கட்டி வைத்திருப்பது கடற்கரையோர வீடு. கட்டும்போது வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோட்டமே இருந்தது. கடல் வருடா வருடம் கரையைத் தின்று, இப்போது அந்தத் தோட்டத்தில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் கிடக்கிறது. வீடு விழுவதற்குள் பிள்ளையைக் கரை சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே நினைப்பு.

உயிர் இல்லாத படம்

எங்கள் ஊர்களில் மனிதரோ மிருகமோ உள்ள படத்தைச் சுவரில் வைக்கமாட்டார்கள். வைத்தால் மலக்குமார் என்கிற வானவர்கள் வீட்டுக்குள் வரமாட்டார்கள். அதனால் கடையின் மாதிரிப் பட அல்பத்தில் மயிலும் குதிரையும் சும்மா கிடக்க, நோர்வே நாட்டுப் பியோர்ட் படம்தான் ஓடும். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஆடாமல் அசையாமல் பச்சைக் கடல்நீர், உச்சியில் பனி. உயர்தர வகுப்பில் புவியியல் படித்தபோது நுழைகழி என்று எழுதி மறந்தது இதைத்தான்.

அக்கா முறையான ஒரு ராத்தாவின் வீட்டில் முன் அறைச் சுவர் முழுக்க ஒட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கினேன். அவர் மூக்கு முட்டுகிற அளவுக்குச் சுவருக்குக் கிட்டப் போனார். மலையடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. நான் கல் என்றேன். அவர் ஆடு என்றார். போனில் படம் பிடித்துப் பெருப்பித்துப் பார்த்தால் நாலு கால் தெரிந்தது. மிச்சத் துண்டில் கொஞ்சம் புல்லை வெட்டியெடுத்து ஆட்டுக்கு மேலே ஒட்டினேன். அப்போதும் அவருடைய முகம் தெளியவில்லை.

“புல்லுக்குக் கீழ ஆடு இரிக்கிறது எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். மலக்குமாருக்குத் தெரியாதா தம்பி?”

ஐஸ் குடைந்த பள்ளம்

மீன் முதலாளி ஒருவர் மீன் வைத்து விற்கிற வாடியில் ஒட்டப் போயிருந்தேன். மலைக்கு நடுவில் கடல் எப்படி வந்தது என்று கேட்டார். படித்ததைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. அந்த மலைகளில் ஒரு காலத்தில் பனி விழுந்து விழுந்து இறுகி, மலையையே மூடுகிற தடிப்பில் ஐஸாகக் கிடந்தது, தன் பாரத்தாலேயே பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மெல்ல மெல்லக் கீழே நகர்ந்தது, அடியில் அகப்பட்ட பாறைத் துண்டுகள் நிலத்தை அரத்தால் அராவினதுபோல் அராவி, கடல் மட்டத்துக்கும் கீழே போகிற அளவுக்கு ஆழமாக்கிவிட்டன, பிறகு ஐஸ் உருகிப் போக, கடல் அந்தப் பள்ளத்துக்குள் புகுந்துகொண்டது என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் மீன் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவியபடி பொறுமையாகக் கேட்டார்.

“நான் விடிய சுபஹோட போடுற ஐஸ் பகல் லுஹருக்குள்ள தண்ணியாப் போய் மீனையே காப்பாத்துதில்ல. அது மலையக் குடஞ்சதாம். நீங்க கதைய விட்டுட்டு ஒட்டுற வேலையப் பாருங்க.”

எந்த நாடு?

எங்கள் உப்புக் காற்றுக்கு எந்தப் படமும் ஒரு மாரியைத் தாண்டாது. மூலையில் மெல்ல எழும்பும், பிறகு பாதி மலை தொங்கும். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு அப்படித் தொங்கிய மலையைக் காட்டினார். எந்த நாட்டுப் படம் என்று கேட்டார். நோர்வே என்றேன்.

“சண்டைக் காலத்தில சமாதானம் கதைக்க வந்தவங்கட நாடா? அவங்க ஒட்டின சமாதானமும் நிக்கல்லயே. அப்ப இன்னும் நல்லா இறுக்கி ஒட்டுங்க தம்பி.”

அழகுக்குக் காரணம்

என்னோடு வேலை செய்கிற தவராசா காரைதீவுக்காரர், அதிகம் கதைக்காத மனிதர். எங்கள் வழக்கப்படி அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பார். ஒரு நாள் இரண்டு பேருமாக என் கடற்கரை வீட்டின் பின்பக்கம் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் படம் மட்டும் ஏன் அவ்வளவு வடிவாக இருக்கிறது என்று கேட்டார். அது கடும் பாறை, அதனால் குடைந்த பிறகும் சரியாமல் நிமிர்ந்து நிற்கிறது என்றேன். பக்கத்துச் சின்னப் பள்ளங்களை ஐஸ் அவ்வளவு ஆழமாக வெட்டவில்லை, அவை மேலேயே நின்றுவிட்டதால் அவற்றின் தண்ணீர் அருவியாக விழுகிறது. கடலோடு சேருகிற வாசல் பக்கம் ஆழம் குறைவு, உள்ளே போகப் போக வளைவும் மலையும் மறைப்பதால் பெரிய அலை உள்ளே வராது. அதனால்தான் மலை முழுதும் தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிறது.

சொல்லி முடிக்கும்போது ஓர் அலை வந்து காலையில் அடுக்கிய மூட்டைகளில் மூன்றைக் கொண்டு போனது. எங்கள் கரை வெறும் மணல். தவராசா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடலையே பார்த்தார்.

“அங்க கடல் உள்ளுக்கு வந்தா சனம் பார்க்க வருது காக்கா. இங்க வந்தா சனம் சாமானக் கட்டுது.”

ஜன்னல்

கடல் இல்லாத வயல் ஊரான இறக்காமத்திலிருந்து ஸுமையாவைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அவரைப் பெற்ற வாப்பா நெல் வேளாண்மைக்காரர். நான் செய்த வேலையைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. முன் அறையில் கடல் பக்கம் ஒரு பெரிய ஜன்னல் உண்டு. அதன் மேல் பலகை அடித்து, சுவரோடு சுவராகப் பியோர்ட் படத்தை ஒட்டிவிட்டேன். அலைச் சத்தம் கேட்காதிருக்க மின்விசிறியை உச்சத்தில் விட்டேன். பின்கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எட்டு வருடத்தில் நான் ஒட்டியதிலேயே சுத்தமான வேலை அதுதான்.

அவர்களுக்குப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் வாப்பா எழுந்து போய்ப் படத்தை ஆசையோடு தடவிப் பார்த்தார். தடவின கை ஓர் இடத்தில் நின்றது. விரலால் தட்டினார். கல் சுவரில் அந்தச் சத்தம் வராது. கடற்கரை வீட்டில் கடல் பக்கம் ஏன் ஜன்னல் இல்லை என்று அமைதியாகக் கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. பூட்டைத் திறந்து அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வேர் தெரியச் சாய்ந்து நின்ற தென்னையையும், குசினிச் சுவருக்குப் பத்து எட்டு தூரத்தில் நுரைத்த தண்ணீரையும் அவர் பார்த்தார். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் விடைபெறுவதுபோல் என் தோளில் கையை வைத்தார்.

“ஒங்கட பிள்ளயில ஒரு குறையும் இல்ல தம்பி. எங்கட பக்கம் யானை வாறதான். வந்தா வேளாண்மையத் திண்டுட்டுப் போகும், பூமி அங்கயே கிடக்கும்.”

ஊரார் சுவர்களிலெல்லாம் கடலை ஒட்டிக் கொடுத்துக் காலம் தள்ளுகிற எனக்கு, என் சுவர் வரை வந்துவிட்ட கடலை உரித்துப் போட மட்டும் வழி தெரியவில்லை.