முன் இருக்கைச் சிரிப்பு

நகராட்சியின் அமரர் ஊர்தியை ஓட்டுகிறவரை ஊரில் எல்லோரும் நிதானம் என்றுதான் அழைப்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. வேறெங்கும் அதற்கு வேலையில்லை. சைக்கிளில் போகிறவர் முந்திக்கொண்டு போகலாம், அவ்வளவு வேகம். பகலிலும் முன்விளக்கு எரியும். அவர் தெருவுக்குள் திரும்பினால் தேநீர்க் கடையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், தொப்பி போட்டவர்கள் கழற்றுவார்கள், நாற்சந்தியில் போலீஸ்காரர் எதிர்ப்பக்கத்தை நிறுத்தி வழிவிடுவார். இத்தனை மரியாதையும் பின்னால் படுத்திருப்பவருக்குத்தான் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் இருபது வருஷம் வாங்கிய மரியாதையில் கொஞ்சம் ஓட்டுகிறவர் மேலும் ஒட்டிக்கொள்ளும் அல்லவா?

சாவைப் பற்றிச் சிரிக்கலாமா கூடாதா என்று படித்தவர்கள் கூட்டம் போட்டுப் பேசுவதுண்டு. நிதானத்திடம் அதற்குக் கொள்கை எதுவும் கிடையாது; ஒரு பழக்கம் இருந்தது. ஊர்தியில் அவர் பக்கத்து இருக்கை இறந்தவரின் உறவினர் ஒருவருக்கு. அந்த உறவினர் அழுதால் இவர் சாலையைப் பார்ப்பார். பேசினால் கேட்பார். சிரித்தால் மட்டும் சிரிப்பார்.

"முதல் சிரிப்பு அவங்களோடது. ரெண்டாவதுதான் என்னோடது. வரிசை மாறினா அடி விழும்" என்பார் மனைவியிடம்.

'என் பயணிகள் யாரும் புகார் சொன்னதில்லை' என்பது அந்தத் தொழிலின் மிகப் பழைய நகைச்சுவை. அவர் அதைச் சொல்லமாட்டார். அடுத்தவர் சொன்னால், முதல்முறை கேட்பதுபோல் சிரித்து வைப்பார். ஆனால் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் ஆள் மாறிவிடுவார்.

"இன்னிக்கு ஒரு பெரிய மனுஷன். பிள்ளைங்க மூணு பேரும் முன் சீட்டுக்கு அடிச்சுக்கிட்டாங்க. இத்தனை வருஷம் அப்பா பக்கத்துல உக்காராதவங்க, இன்னிக்கு என் பக்கத்துல உக்காரச் சண்டை!"

மனைவி திரைச்சீலை தைக்கிறவர். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். அவரிடம் எதை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், தையல் கோணலாக இருக்கிறது என்பதைத் தவிர. எல்லோருக்கும் அப்படி ஒன்று உண்டு. தனக்கு மட்டும் இல்லை என்று நிதானம் நம்பியிருந்தார்.

இவர்களின் ஒரே மகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே கண் பரிசோதிக்கும் இளைஞனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அவனுக்கும் ஆசைதான். வெளியூரில் இருக்கும் அவன் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து, பார்த்துப் பேசி, சரி என்று சொன்னால் கல்யாணம். அந்தச் 'சரி' மாப்பிள்ளையின் அப்பா வாயிலிருந்து வரவேண்டும். அவர் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க எச்சரிக்கைப் பலகைகளை ஒட்டிய மனிதருக்கு உலகமே ஒரு லிஃப்ட் மாதிரிதான் தெரியும்.

சனிக்கிழமை மகள் அப்பாவை உட்காரவைத்துச் சொன்னாள். "அப்பா, நாளைக்கு அவரோட அத்தையும் வர்றாங்க. புருஷன் போய் இன்னும் வருஷம் திரும்பல. அவங்க முன்னாடி சாவு, ஆஸ்பத்திரி, மாலை, எதுவும் பேசக்கூடாதுன்னு அந்த வீட்டுல சட்டம். நீங்க வாயைத் திறந்தா எனக்குக் கல்யாணம் இல்ல."

"என் வேலையைக் கேட்டா?"

"நகராட்சி டிரைவர்னு சொல்லியிருக்கேன்."

"பொய் இல்லையே."

"சிரிக்காதீங்கப்பா. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தார். மனைவி சாட்சி. "அவர் சத்தியம் பண்ணா காப்பாத்துவார். முகத்தைத்தான் காப்பாத்த முடியாது" என்றார் அவர், நூலைப் பல்லால் கடித்தபடி.

மறுநாள் பேருந்து நிலையத்திலிருந்து விருந்தாளிகளை அழைத்துவர, மச்சானின் ரொட்டிக்கடை வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முன் இருக்கையில் அத்தை ஏறிக்கொண்டார். பின்னால் ஆய்வாளரும் அவர் மனைவியும் மாப்பிள்ளையும். சாவி திரும்பியது. அதன்பிறகு நடந்ததற்கு நிதானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் ஒரு உறவினரை உட்காரவைத்து ஓட்டினால் அவர் காலுக்குத் தெரிந்தது ஒரே வேகம்தான். கை தானாகப் போய் முன்விளக்கைப் போட்டது.

தேநீர்க் கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். போலீஸ்காரர் எதிர்ப்பக்கத்தை நிறுத்தினார். வண்டி மாறியிருந்தாலும் வேகமும் விளக்கும் முகமும் அதேதான். அவர்களுக்கு அது போதும்.

"என்னங்க இது, நமக்காகவா எந்திரிக்கிறாங்க?" ஆய்வாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"மரியாதை தெரிஞ்ச ஊருங்க" என்றார் நிதானம். அதுவும் பொய்யில்லை.

பக்கத்தில் இருந்த அத்தை ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் வேன் நின்றபோது பின்னால் நான்கைந்து வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் இறங்கி வந்து, தழைந்த குரலில், "யாருங்க?" என்றார்.

"விருந்தாளிங்க" என்றார் நிதானம். வந்தவர் தலையைக் குனிந்தபடியே போய்விட்டார்.

மகள் சன்னல் வழியாக இதைப் பார்த்து நெற்றியில் கை வைத்தாள்.

சாப்பாடு நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. நிதானம் வானிலையைப் பற்றிப் பேசினார், தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினார், அப்புறம் பேச ஒன்றுமில்லாமல் மென்றார். அவரை இவ்வளவு அமைதியாகப் பார்த்திராத மனைவிக்கே கவலை வந்து, இரண்டு முறை தண்ணீர் ஊற்றினார்.

ஆய்வாளருக்கு இந்த அடக்கம் பிடித்துப்போயிற்று. சேலையில் சிந்திய குழம்பைக் கழுவ அத்தை உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க நகராட்சியில நல்ல மனுஷங்க இருக்காங்க. எங்க மச்சான் போனது இந்த ஊர் ஆஸ்பத்திரியிலதான். அக்கா ஊர்தியில முன்னாடி உக்காந்திருந்தாங்க, நாங்க பின்னாடி கார்ல. ஒரு வளைவுல ஊர்தி திரும்பறப்போ பார்த்தேன். அக்கா குலுங்கிக் குலுங்கி அழறாங்க. அந்த டிரைவரும் அழறார்! முன்ன பின்ன தெரியாத ஆளு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஓட்டறார். அன்னிலேர்ந்து அக்கா காதுல சாவுப் பேச்சே விழாம பார்த்துக்கறோம். யாரு அந்த டிரைவர்? உங்களுக்குத் தெரியுமா?"

நிதானத்துக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. சொன்ன வார்த்தைகள் நிற்கும். அந்த வளைவும் அந்த வார்த்தையும் சட்டென்று வந்துவிட்டன. உதட்டின் ஓரம் துடித்தது. மகள் கண்ணை உருட்டினாள். ஆமாம் என்றால் அழாத அழுகைக்குப் பாராட்டு வாங்கியவர் ஆவார். நடந்ததைச் சொன்னால் சத்தியம் போகும், கல்யாணமும் கூடவே போகும். ஒரு கவளத்தை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார்.

"இவர்தான்டா" என்றது உள்கதவருகிலிருந்து அத்தையின் குரல். "அந்த வேகத்தை எப்படி மறக்கிறது? ஆனா இவர் அழல. சிரிச்சார். நானும் சிரிச்சேன்."

ஆய்வாளர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"உங்க மச்சான் எங்கயாவது நேரத்துக்குக் கிளம்பியிருக்காராடா? ஆயுசு முழுக்கச் செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னவ நான். அன்னிக்குப் பத்து மணின்னாங்க, மணி பத்தடிக்கறப்போ வண்டி நகருது. 'முதல் தடவையா மனுஷன் நேரத்துக்குக் கிளம்பிட்டார்'னு சொன்னேன். இந்தத் தம்பி அடக்கிப் பார்த்தார், முடியல."

"அக்கா, இதெல்லாம் சிரிக்கிற விஷயமா?"

"உனக்கு இல்ல. எனக்கு. செத்தது என் புருஷன்." அத்தை உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இந்தத் தம்பி அன்னிக்கு ஆரம்பிச்சிருந்தா நானே அறைஞ்சிருப்பேன். நான்தான் ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் எவன் என்னோட சிரிச்சான்? ஊரையே சிரிக்க வச்ச மனுஷன்டா அவர். இப்ப அவர் பேரை எடுத்தா நீங்க எல்லாம் மின்விசிறியைப் பார்க்கறீங்க."

ஆய்வாளர் அப்போதும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் முகத்தையே பார்த்தாள். கல்யாணம் அங்கேதான், அந்த விசிறிக்கும் தட்டுக்கும் நடுவில் எங்கோ தொங்கிக்கொண்டிருந்தது.

"என் கல்யாணத்துக்கும் லேட்டு" என்றார் ஆய்வாளர் திடீரென்று, புகார் சொல்லும் குரலில். "என் சட்டை அவர்கிட்ட இருந்தது. இஸ்திரி போட்டுக் கொண்டுவரேன்னு வாங்கிட்டுப் போனவர். ஊரே உக்காந்திருக்கு, நான் பனியனோட நிக்கிறேன். ஓடி வந்தார். கையில சட்டை. பார்த்தா பக்கத்து வீட்டுக்காரன் சட்டை!"

"போட்டோவுல பாருங்க, முழுக்கைச் சட்டை முழங்கை வரைக்கும்தான் இருக்கும்" என்றார் அவர் மனைவி முதல்முறையாக வாயைத் திறந்து.

ஆய்வாளருக்குப் புகாராகத் தொடங்கியது பாதியில் வேறு ஏதோ ஆயிற்று. தோள்கள் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொலைவிலிருந்து பார்த்தால் அழுகிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கண் பரிசோதகனாக இருந்தும் கண்டதை நம்பவில்லை. நிதானம் வரிசையில் தன் முறை வந்ததும் சிரித்தார். நெடுநேரமாக அடக்கிவைத்தது, புரையேறி, மனைவி முதுகில் தட்டவேண்டியதாயிற்று.

"தேதி பார்த்துடலாம்" என்றார் ஆய்வாளர், மூச்சு வாங்கியதும். "ஆனா என் சட்டையை நானே எடுத்துட்டு வந்துடுவேன்."

மாலையில் அவர்களைப் பேருந்து நிலையத்துக்குத் திரும்பக் கொண்டுவிடும்போது மகளும் ஏறிக்கொண்டாள். முன்விளக்கு எரிந்தது. தேநீர்க் கடை மறுபடி எழுந்து நின்றது. ஆய்வாளர் இப்போது விஷயம் தெரிந்தவராக, முன் இருக்கையிலிருந்து கையை உயர்த்தி எல்லோருக்கும் பதில் வணக்கம் சொன்னார். சிலர் திடுக்கிட்டார்கள். புதிதாகச் சிரிக்கக் கற்றவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

"ஏன் சம்பந்தி, இந்த வேகத்துல போனா நாங்க ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள பேரன் பொறந்துடுவான் போலிருக்கே? ஆமை கூட ஹாரன் அடிக்குது பாருங்க!"

அத்தை சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தான். நிதானம் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்தது. சாலையை நேராகப் பார்த்தபடி, இன்னும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார்.

மகள் முன்னால் சாய்ந்து வருங்கால மாமனார் காதில் சொன்னாள். "மாமா, சாவைப் பத்தி என்ன வேணா பேசுங்க. அப்பா வண்டி ஓட்டறதை மட்டும் தொடாதீங்க."