கடைசி பஸ் முந்திய நாள்

சைக்கிள் கிளப்பில் அவருக்குக் கடைசி பஸ் என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவருடைய மனைவியின் அண்ணன்தான். கிளப்புக்குக் கேப்டனும் அவரே. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைத் தாண்டிப் போகும் கூட்டம் எங்காவது ஒரு மரத்தடியில் இறங்கி, தண்ணீர் குடித்து, வியர்வை ஆறி, மறுபடி ஏறி உட்காரும் நேரத்துக்குத்தான் அவர் நாக்குத் தள்ள வந்து சேருவார். "கடைசி பஸ் வந்துருச்சு, கிளம்பலாம்" என்பார் கேப்டன். அவர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் கூட்டம் போய்விடும்.

ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவருக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். லென்ஸை அறுத்து, ஓரம் தேய்த்து, சட்டத்தில் உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். தேய்க்கும் சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வெள்ளைக் குழம்பாய் மாவு வழியும். சன்னல் இல்லாத அறை. காலையில் நின்றால் கடை மூடும்வரை நின்றபடிதான். தொந்தி விழுந்து, டாக்டர் ரத்தக் கொதிப்பு என்று எழுதிக் கொடுத்த பிறகு, மனைவிதான் அண்ணனோடு சைக்கிளில் போய் வாருங்கள் என்று பிடித்துத் தள்ளிவிட்டாள்.

குளியலறைச் சாமான் கடை வைத்திருந்த கேப்டனுக்கு இந்தச் சம்பந்தமே ஆரம்பத்திலிருந்து பிடிக்கவில்லை. தன் தங்கையின் படிப்புக்கும் நிறத்துக்கும் இந்த லென்ஸ் தேய்க்கிறவனா என்று பெண் பார்த்த அன்றே முகத்துக்கு நேராகச் சொன்னவர். தங்கை புருஷன் என்ற மரியாதைக்குக்கூட ஒரு நாளும் 'வாங்க' என்றதில்லை. 'மாப்ள' என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லை அவர் இழுக்கிற இழுப்பிலேயே நாலு பேர் சிரித்துவிடுவார்கள்.

அந்த வருஷம் நாள் முழுக்கப் போகும் பெரிய சவாரிக்குத் தேதி குறித்ததும் கடைசி பஸ்ஸுக்குள் ஓர் ஆசை புகுந்துகொண்டது. இருட்டுப் பிரியும் முன்பே எழுந்து, சந்தைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி இறங்கிப் பழகினார். முதலில் பாதி மேட்டில் இறங்கித் தள்ளினார். பிறகு தள்ளாமல் ஏறினார். பிறகு ஏறிய கையோடு இன்னொரு முறையும் ஏறினார். பாண்ட் இடுப்பில் தளர்ந்தது. இது மனைவிக்கு மட்டும் தெரியும்.

"ஒரு தடவையாவது அவங்க இறங்குற நேரத்துக்கு நானும் போய் இறங்கணும். அண்ணன்கிட்ட சொல்லிராத" என்று கேட்டுக்கொண்டார். அவளும் சரி என்றாள்.

அன்று காலை கிளம்பும் இடத்தில் கேப்டன் ஒவ்வொருவர் சைக்கிளையும் குனிந்து பார்த்து, காற்றை அமுக்கிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசி பஸ்ஸின் வண்டியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். சாப்பாடும் தண்ணீரும் வேனில் வந்தன. கேப்டனின் தங்கை முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

ஊர் எல்லை தாண்டுவதற்குள்ளேயே கடைசி பஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது, இன்று உடம்பு தன் பேச்சைக் கேட்கவில்லை என்று. அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே சாலை தட்டையாகத்தான் கிடந்தது. ஆனாலும் மணலில் மிதிப்பது போல இருந்தது. கூட்டம் புள்ளியாகி, புள்ளியும் போனது. ஓரிடத்தில் இறங்கி நின்றார். சைக்கிளைப் பார்க்கத் தோன்றவில்லை. நெஞ்சில் கை வைத்துத்தான் பார்த்தார். வேன் அவரைத் தாண்டும்போது மனைவி தலையை வெளியே நீட்டி, மெதுவாக வாருங்கள் என்று சிரித்துவிட்டுப் போனாள். இத்தனை நாள் பழக்கமும் பாழ், தன் ரத்தமே இவ்வளவுதான் என்று நினைத்தபடி மறுபடி ஏறினார்.

அவர் சேர்ந்தபோது எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கால் நீட்டியிருந்தார்கள். மிச்சம் இரண்டு ரொட்டியும் நசுங்கிய வாழைப்பழமும்தான். அவர் அதை எடுக்கக் குனிந்தபோது கேப்டன் எழுந்து வந்து அவர் சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கி, எல்லோரும் பார்க்கச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். பாதிச் சுற்றில் அது நின்றது.

"மாசக்கணக்கா விடியக்காலையில பிராக்டிஸாம் மாப்ளைக்கு. நம்மள எல்லாம் முந்தப் போறாராம். அதான் பிரேக்கக் கொஞ்சம் இறுக்கிவிட்டேன், ஓவரா பறந்துரக் கூடாதுல்ல?"

சிரிப்பு வெடித்தது. கூட்டத்தில் இருந்த பல் டாக்டருக்குப் புரையேறி, பக்கத்திலிருந்தவர் தலையில் தட்டினார். கடைசி பஸ் மனைவியைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. அவரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் அது வேறு பேச்சாகிவிடும்.

தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வேனருகே போய்க் கேட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலையிலயே தெரியும். விளையாட்டுக்குத்தான. எல்லாத்துக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி?"

சாப்பாட்டுக்குப் பிறகு கேப்டன் மட்டும் மலைப்பக்கச் சுற்றுப் பாதையில் போவது வருஷா வருஷம் வழக்கம். மற்றவர்கள் நேர்ச் சாலையில் போய் முடிவிடத்தில் அவருக்காகக் காத்திருப்பார்கள். சுமை குறையட்டும் என்று செல்போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் கேப்டன் கிளம்பினார். கூட்டமும் வேனும் நேர்ச் சாலையில் கிளம்பின. கடைசி பஸ் பிரேக்கைத் தளர்த்த ஸ்பானரோடு மண்ணில் உட்கார்ந்திருந்தார். முடித்துவிட்டு வா என்றுகூட யாரும் சொல்லவில்லை.

முடித்து ஏறி மிதித்தபோது சக்கரம் காற்றாய்ப் பறந்தது. காலையெல்லாம் சபித்த கால்கள் இவைதானா என்று அவருக்கே நம்ப முடியவில்லை. மலைப்பாதை முதல் மேட்டிலிருந்து இறங்கிச் சாலையைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறும் முக்கை அவர் அடைந்தபோது, இறக்கத்தின் அடியில், சரளைக் கல்லில் சறுக்கி விழுந்து கிடந்தார் கேப்டன். சைக்கிள் பள்ளத்தில் கிடந்தது. ஒரு கால் உடம்புக்கு அடியில் மடங்கக் கூடாத விதத்தில் மடங்கியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஈ காக்கை இல்லை.

"மாப்ள, நல்ல வேளை வந்த. கால் போச்சு. போனப் போட்டு வேனத் திரும்பி வரச் சொல்லு."

போன் சட்டைப்பையில்தான் இருந்தது. கடைசி பஸ் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். வெயில் கேப்டனின் முகத்தில் நேராக அடித்தது. உதட்டில் மண் ஒட்டியிருந்தது. இவ்வளவு நேரம் இந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் தான் பார்த்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"என்ன பார்த்துக்கிட்டே நிக்கிற?" என்றார் கேப்டன். பிறகு குரல் இறங்கியது. "மாப்பிள்ளை, கொஞ்சம் தண்ணியாவது குடுங்க."

"பின்னால வர்றவங்க பார்த்துப்பாங்க" என்றார் கடைசி பஸ்.

பின்னால் வர யாருமில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அவர் பெடலில் கால் வைத்தார். முதுகுக்குப் பின்னால் கேப்டன் முதலில் திட்டினார், பிறகு கூப்பிட்டார், அப்புறம் கேட்கவில்லை.

முடிவிடத்தில் கூட்டம் சைக்கிளைக்கூட இன்னும் சாய்த்து வைக்கவில்லை. கடைசி பஸ் வந்து இறங்கினார். பல் டாக்டர் கை தட்டினார். மனைவி ஓடி வந்து துண்டு கொடுத்தாள். அண்ணன் வர லேட்டாகும், மலை சுற்றி வர வேண்டுமே என்றாள். அவர் ஆமாம் என்று தலையாட்டி, டீ வாங்கிக் குடித்தார். இன்னொரு டீயும் குடித்தார்.

கேப்டன் எப்போதும் பொழுது சாய்ந்துதான் வருவார் என்பதால் யாரும் தேடிப் போகவில்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் ஒரு டிராக்டர்காரர் கேப்டனைப் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். தொடையெலும்பு முறிந்து, முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் நசுங்கியிருந்தது. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பாதத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் இருந்தது, பாதம் உணர்வு செத்துத் தொங்கியது.

நினைவு தெளிந்ததும் கேப்டன் நடந்ததைச் சொன்னார். கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுஷனைப் போய், என்றாள் கேப்டனின் மனைவி. வெயிலில் கிடந்தால் மூளை இப்படித்தான் எதையாவது காட்டும் என்று பல் டாக்டர் அவர் கையைத் தடவிக் கொடுத்தார். கேப்டன் கத்தினார். நர்ஸ் வந்து ஊசி போட்டாள். கடைசி பஸ் போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, அடுப்படியில் வைத்து மனைவி கேட்டாள்.

"நிஜமாவே நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன்."

பால் பொங்கி வழிந்தது. அவள் அடுப்பை அணைக்கவில்லை.

"பார்த்துட்டு எப்படிங்க வர முடிஞ்சது?"

"விளையாட்டுக்குத்தான" என்றவர், அடுப்பை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் போய், நீ சொன்னது உண்மைதான் என்று சொன்னால், பிறகு தான் எந்த வீட்டில் யாரோடு இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் வாசல்படி ஏறும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுகிறாள். அது அவருக்குப் பிடித்திருக்கிறது.

கேப்டனுக்கு நடைப்பயிற்சி கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, மாப்பிள்ளை இருக்க வெளி ஆள் எதற்கு என்று குடும்பமே பேசி முடிவெடுத்தது. கடை மூடியதும் அவர் நேராக அங்கே போகிறார். கேப்டனின் ஒரு கை ஊன்றுகோலில், இன்னொரு கை அவர் தோளில். தெருக்கோடிவரை போய்த் திரும்புகிறார்கள். சொந்த மச்சானுக்கு இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

அந்தக் கால் எவ்வளவு வேகம் தாங்குமோ, அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக அவர் நடக்கிறார். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கேப்டனின் நெற்றியில் வியர்வை வழிகிறது, பாதம் தரையில் இழுபடுகிறது, தோளைப் பிடித்திருக்கும் விரல்கள் இறுகுகின்றன. மெதுவாகப் போகச் சொல்லி கேப்டன் இன்னும் கேட்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கும் அவசரம் ஒன்றுமில்லை.