தாய்மாமன் மடி

தணிகைமணிக்கு மலைமேல் இருக்கும் முருகனின் பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் அந்தச் சாமிக்குப் பூசும் சந்தனம் அவனுக்கு ஆகாது. வாசனை மூக்கில் ஏறினால் கண் இருட்டும், வயிறு புரளும், பக்கத்தில் பேசுகிறவர் குரல்கூடக் காதில் விழாது. ஈரமுடி மேலே ஒட்டினாலும் அப்படித்தான். நாள் முழுக்க மொட்டையும் சந்தனமுமாக ஜனங்கள் இறங்கி வரும் திருத்தணியில் இப்படி ஒருவனைப் பிறக்க வைத்தது யார் செய்த குறும்போ தெரியவில்லை.

அவனுடைய செல்போன் ரிப்பேர் கடைக்கும் என் வாட்ச் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவன் அப்பா வரதராஜனுக்கு வீட்டிலேயே தறி. பாவு நூல் விறைக்கப் போடும் கஞ்சியின் நாற்றம் தாங்காமல் வெளியே வந்தவன், ஒரு மாடியறையில் தனியாக இருக்கிறான். புதுச்சட்டை என்றால் பலமுறை துவைத்து, காலரில் தைத்திருக்கும் துண்டுத்துணியை வெட்டியெறிந்த பிறகே போடுவான். சென்னையில் ஒரு டாக்டரைப் பார்த்து, இதற்கு ஆட்டிசம் என்று பெயர் எனத் தெரிந்துகொண்டு வந்து அப்பாவிடம் சொன்னான்.

"உன் கொழுப்புக்கு டாக்டரு இங்கிலீசுல பேரு வெச்சிட்டானா?" என்றார் அவர். அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தங்கை தீபா மட்டும் ஒருநாளும் அவனைக் கிண்டல் செய்ததில்லை. அவன் வந்தால் தலையில் இருக்கும் மல்லிகையை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவாள். தன்னைப் புரிந்த ஒரு ஆளாவது இருக்கிறாள் என்பதை வைத்துத்தான் அவன் காலம் ஓடியது.

அவள் வாழ்க்கைப்பட்டது அரக்கோணத்தில். மகள் சினேகாவுக்கு மலையில் மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தார்கள். இரண்டும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் நடக்க வேண்டும்.

"முடியலன்னா சொல்லிடுண்ணா. சித்தி புள்ள பெருமாள் ஒக்காந்துக்கறேன்றான்," என்றாள் போனில். கூடப்பிறந்தவன் இருக்க வேறொருவன் மடி என்றால், புகுந்த வீட்டில் அவள் தலை நிமிர முடியுமா?

"நான்தான் ஒக்காருவேன்," என்றான்.

மறுநாளே சந்தனப் பொட்டலம் வாங்கினான். மத்தியானம் கடையை மூடிக்கொண்டு, அதைக் குழைத்துக் கையில் பூசியபடி உட்காருவான். முதலில் வாந்தி எடுத்தான். பிறகு வாந்தியை அடக்கப் பழகினான். மொட்டையடிக்கும் மண்டபத்து வாசலில் போய் நின்று, முகம் வெளுத்துத் திரும்புவான்.

"இன்னாத்துக்குடா இவ்ளோ பாடு?" என்று கேட்டேன்.

"தீபாவுக்காகத்தாங்க. எனக்கு இது எவ்ளோ கஷ்டம்னு அவளுக்குத் தெரியும்."

மொட்டையடிக்கும் நாளன்று என்னையும் மலைக்குக் கூட்டிப்போனான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டான். ஈரமுடி சுருள் சுருளாக அவன் கையில் விழுந்து ஒட்டியது. குளிப்பாட்டிச் சந்தனம் அப்பிய தலையை, அழுத குழந்தை அவன் கழுத்தில் வைத்துத் தேய்த்தது. தாடை இறுக, காதோரம் வியர்வை வழிய இருந்தான். காது குத்தும்போது வீறிட்டவளை அணைத்துப் பிடித்தான். யாரும் அவனைக் கவனிக்கவும் இல்லை. ஊரில் எல்லா மாமனும் செய்வதுதானே என்று பந்திக்கு இலை போடப் போய்விட்டார்கள்.

தீபா வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாத்தியாண்ணா? மனசு வெச்சா முடியுது! இத்தினி வருசமா சும்மாவே பயந்துகினு இருந்திருக்க," என்றாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அதத்தானே நான் அப்பலேர்ந்து சொல்லிகினு இருக்கேன்," என்றார் வரதராஜன்.

"ஆங்," என்றான் தணிகைமணி.

மலையிறங்கும்போது கழுத்தில் ஒட்டிய சந்தனத்தைத் துண்டால் தேய்த்துக்கொண்டே வந்தான். பாதி வழியில் நின்று என்னைக் கேட்டான்.

"முடியாதுன்னு சொல்லியிருந்தா, அவளாவது என் கஷ்டத்த நம்பிகினு இருந்திருப்பா இல்லீங்க?"

என் பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கினான்.