ஏகாதசியன்று ஓடிய அண்ணா

அண்ணாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் நமஸ்காரம். நான் அஞ்சாம் கிளாஸோடு நின்றவள், நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். அண்ணாவின் மனைவி, என் மன்னிதான், “கூடப் பிறந்தவ நீ எழுதாம யார் எழுதுவா?” என்று பேனாவைக் கொடுத்தார்.

அண்ணா பிறந்தது ஸ்ரீரங்கத்தில். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணா கைலாசபுரம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். நான் தனியாகித் திரும்பி வந்தபோது, ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

ரிடையரானபின் ஓட ஆரம்பித்தார். முழு மாரத்தான் ஒரு தடவையாவது ஓடி முடிக்க ஆசை. அவர் பிள்ளை பஞ்சாங்கம் பார்க்காமல் பேர் கொடுத்துவிட்டான். ஓட்டம் ஏகாதசியன்று விழுந்தது. அண்ணாவுக்கு அன்று பெருமாள் தீர்த்தம் தவிரப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

“அடுத்த வருஷம் ஓடலாம்ப்பா.”

“அடுத்த வருஷம் நான் இருப்பேன்னு எழுதிக் குடுக்கறியா?” என்றார் அண்ணா.

தண்ணீர் குடிக்காமல் ஓடினால் உயிருக்கே ஆபத்து என்று புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். மன்னிக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று விடிந்ததும் கோயிலுக்குப் போனேன். பட்டரிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. சொம்பை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தீர்த்தம் விட்டார். அதை ஒரு குடம் தண்ணீரில் சேர்த்தோம். சேர்ந்தபின் குடம் முழுவதும் தீர்த்தம்தானே. மன்னி எலுமிச்சம்பழமும் உப்பும் சர்க்கரையும் கலந்தார்.

ஓட்டம் வரும் வழியில், மாம்பழச்சாலையில் குடத்தோடு நின்றோம். அண்ணா உதடு காய்ந்து, தள்ளாடி வந்தார். யாரோ நீட்டிய தண்ணீர் பாட்டிலை விலக்கினார்.

“அண்ணா, கோயில் தீர்த்தம்” என்றேன்.

நின்று, கையேந்தி வாங்கிக் குடித்தார். என்னைப் பார்த்தார்.

“ஏன்டி, பெருமாளுக்கு இப்போ எலுமிச்சம்பழம் வேற பிழியறாளா?”

“வெயில் ஜாஸ்தியோன்னோ” என்றார் மன்னி.

“சரி, இன்னும் கொஞ்சம் விடு.”

பிறகு பிள்ளை ஸ்கூட்டரில் குடத்தோடு முன்னால் போய்ப் போய் நின்று கொடுத்தான். ஓட்டம் முடியும் இடத்தில் பந்தலைப் பிரிக்கத் தொடங்கியபின் அண்ணா வந்து சேர்ந்தார். மன்னி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். “அழாதே, முடிஞ்சுடுத்து” என்று பக்கத்திலேயே அண்ணாவும் உட்கார்ந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதற்கப்புறம் சில வருஷம் நன்றாகவே இருந்தார். கடைசியில் படுத்தது கொஞ்ச நாள்தான், வலி இல்லை. “ஏதாவது வேணுமாண்ணா?” என்று கேட்டேன். “ஒண்ணும் பாக்கி இல்லைடி” என்றார். அழுகை வந்தாலும் அந்த வார்த்தையால் மனசு லேசாக இருக்கிறது.

கூட இருந்து பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், பட்டருக்கும், காரியத்துக்கு வந்து நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. ஓட்டத்தன்று எல்லோரும் கலைந்தபிறகும், கடைசியாக வந்த அண்ணாவுக்காகப் பதக்கத்தைக் கையில் வைத்துக் காத்திருந்த, பேர் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கும்.