உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு சான்றிதழ்

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளினிக் வாசலில் தொடங்கிய வரிசை, மருந்துக்கடையைத் தாண்டி, பேருந்துப் பணிமனையை ஒரு சுற்றுச் சுற்றி, ஆற்றுப் பாலம் வரை போயிற்று. அக்கரையில் இருந்தவர்கள் ஏதோ கொள்ளைநோய் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். சரி, இது கொஞ்சம் ஊதிப் பெருக்கியதுதான். நின்றது இருபத்துமூன்று பேர். வரிசை மருந்துக்கடையைக்கூடத் தொடவில்லை. ஆனால் அந்த இருபத்துமூன்று பேரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, இல்லை என்று எழுதி வாங்கிப் போகத்தான் வந்து நின்றார்கள் என்பதில் இம்மியளவும் கூட்டல் கிடையாது.

வரிசையை இழுத்துக்கொண்டு வந்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘விரிசல்’ என்று பெயர். அப்பா கண்ணாடி வெட்டுகிறவர். மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது ஜன்னல் கண்ணாடியின் மூலையில் மயிரிழை போல ஒரு கீறல் தெரிந்ததாம். இவள் எழுந்து நின்று, இது இன்னும் நான்கு நாளில் இங்கிருந்து இந்த ஆணி வரைக்கும் ஓடும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். நான்காம் நாள் அதே கோட்டில் ஓடிற்று. இவள்தான் உடைத்தாள் என்று பாதி வகுப்பு சொன்னது. பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அவளை அம்மா கூப்பிடும் பெயர் வேறு. கோபம் வந்தால் அதுவும் மாறும்.

படிப்பில் அவள் புலி இல்லை. விரல்களில் எப்போதும் இரண்டு பிளாஸ்திரி, நோட்டில் மூன்று அடித்தல். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் போடும் கணக்கை இவள் இருபது நிமிடம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒரு நாள் அப்பாவின் பட்டறைக்கு வளைவு ஜன்னல் ஒன்று வந்தது. அப்பா அட்டையில் வளைவை வெட்டிக் கண்ணாடிமேல் வைத்துக் கோடு போட்டார். மூலைகளில் எவ்வளவு வீணாகிறது என்று இவள் கேட்டாள். அதை யார் கண்டது, வளைவை அளக்கவா முடியும் என்றார் அப்பா. அடுத்த வாரமே வகுப்பில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைந்து, அதற்கடியில் கிடக்கும் பரப்பைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொன்னார். அளக்க முடியுமாம். அன்று முதல் விரிசலுக்கு அந்தக் கணக்குமேல் ஒரு கண்.

அந்தக் கணக்குக்கு மேல்நிலைக் கணிதம் என்று பெயர். பள்ளி இறுதித் தேர்வு எல்லோருக்கும் உண்டு. அதற்கும் மேலே இது தனித் தாள். இதில் தேறினால்தான் பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்க முடியும். அந்தப் பள்ளியில் இந்தத் தாளை எழுதித் தோற்றவரே கிடையாது. நுழைந்ததும் கண்ணில் படுகிற பலகையில் பதினோரு வருடத்துக்கும் வெள்ளைப் பெயிண்டில் வரிசையாக இருந்தது: எழுதியவர் எட்டு, தேறியவர் எட்டு, நூறு சதவீதம். எழுதியவர் ஏழு, தேறியவர் ஏழு, நூறு சதவீதம். வேறு பள்ளிகளிலிருந்து ஆட்கள் வந்து அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போவார்கள்.

வகுப்பில் இருந்ததோ முப்பத்திரண்டு பேர். மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று பலகையை யாரும் கேட்டதில்லை.

அவர்கள் போன வழி இதுதான். தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால் பள்ளியே ஒரு மாதிரித் தேர்வு வைக்கும். எழுபதுக்குக் கீழே வாங்கினவர்கள் ஒவ்வொருவராகத் தலைமையாசிரியை அறைக்குப் போவார்கள். மேஜைமேல் தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருவார்கள். கணக்கு வாத்தியாருக்கு அரை மதிப்பெண்ணில் உயிர். அறுபத்தொன்பதரை என்று போட்டு ஒரு பையனையும் அந்த அறைக்கு அனுப்பி வைத்த மனிதர்.

விரிசல் வாங்கியது நாற்பத்தொன்று.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. குரல் உயர்த்தி ஒரு நாளும் பேசாதவர். அன்றும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுத்தான் கடிதத்தை நகர்த்தினார். விரிசல் அதை ஒரு தடவை படித்தாள், மறுபடி படித்தாள். உடல்நலக் குறைவு காரணமாக மேல்நிலைக் கணிதத் தேர்வு எழுத எனக்கு விருப்பமில்லை, என் பெயரை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தது. கீழே புள்ளிக்கோடு.

“எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு மேடம்?”

“அது ஒரு வழக்கம்மா. ஏதாவது ஒரு காரணம் போடணுமில்ல.”

“அப்போ கணக்கு வரலைன்னு போட்ருங்க. அதாவது உண்மையா இருக்கும்.”

“அப்படிப் போட்டா தேர்வு ஆபீஸ்ல பேரை எடுக்க மாட்டாங்கம்மா” என்றார் தலைமையாசிரியை. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போலப் பேனாவை எடுத்து மூடினார்.

விரிசலுக்கு ஒரு விஷயம் சுருக்கென்று பட்டது. பெயர் ஏற்கெனவே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்கத்தான் இவ்வளவு பாடு. அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். தோற்றால் அசிங்கம் உனக்குத்தான் என்று தலைமையாசிரியை மெதுவாகச் சொன்னார். அசிங்கம் யாருக்கு என்பதுதான் பலகையிலேயே எழுதியிருக்கிறதே என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் வந்துவிட்டது.

அப்பா பட்டறையில், கம்பளி விரித்த மேஜைமேல் குனிந்திருந்தார். கட்டரை ஒரே இழுப்பில் இழுத்து, விளிம்பைத் தட்டி, டக்கென்று பிரித்துவிட்டு நிமிர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும், பள்ளிக்கூடத்தோடு எதற்கு மல்லுக்கட்டு, போட்டுக் கொடுத்துவிட்டு மற்ற தாள்களைப் படி என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பள்ளியின் ஜன்னல்கள் எல்லாம் அவர் கைவேலை.

அம்மா கடிதத்தை வாங்கினார். அம்மாவுக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை. எந்த ஓட்டுநர் எந்த வண்டியில் என்று தினமும் பட்டியல் போடுவது அவர்தான். இருபது வருடமாக ஓட்டுநர்களின் விடுப்புக் கடிதங்களைப் படித்துப் படித்து, மழைநாளில் மட்டும் வரும் முதுகுவலி, கடைசி வண்டியைக் கண்டால் மட்டும் வரும் தலைச்சுற்றல் என்று உலகத்து வியாதிகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“என்னடி வியாதி உனக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“எங்க டிப்போல உடம்பு சரியில்லைன்னு லெட்டர் நீட்டினா, டாக்டர் சீட்டு எங்கன்னுதான் முதல் கேள்வி. உடம்பு சரியாயிடுச்சுன்னு திரும்பி வந்தாலும் அதுக்கும் சீட்டு கேப்போம். நீ போய் ரெண்டாவதை வாங்கிட்டு வா.”

கிளினிக்கில் இருந்த டாக்டரம்மாவுக்கு அன்று நாற்பது நோயாளிகளைப் பார்த்த களைப்பு. என்ன செய்கிறது என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, அதைத்தான் எழுதித் தர வேண்டும் என்றாள் விரிசல். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பத்து வருடத்தில் இப்படி ஒரு நோயாளி வந்ததில்லை என்றார். கதையைக் கேட்டுவிட்டு, அதற்காகச் சும்மா எழுதித் தர மாட்டேன் என்று கறாராகச் சொல்லி, நாடி பிடித்து, ரத்த அழுத்தம் பார்த்து, கண்ணை விரித்து, முழங்காலில் தட்டினார். கால் உதைத்த உதையில் மேஜை டிராயர் திறந்துகொண்டது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் அளவுக்குப் பூரண ஆரோக்கியம் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

மறுநாள் விரிசல் அதைத் தலைமையாசிரியை மேஜையில் வைத்தாள். கையெழுத்தில்லாத கடிதத்தை அதன்மேல் வைத்தாள். இரண்டும் ஒரே உறையில் போகட்டும் மேடம் என்றாள். தலைமையாசிரியை அன்று தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை, தானே குடித்தார்.

இடைவேளைக்குள் செய்தி வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. அறுபத்தொன்பதரை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்த பையன் முதலில் வந்து, நான் ஏற்கெனவே வியாதிக்காரன் ஆகிவிட்டேனே, இனி குணமாக முடியுமா என்று கேட்டான். கடிதம் இன்னும் மேடம் அலமாரியில்தான் இருக்கிறது, தேர்வு ஆபீசுக்குப் போகவில்லை, சீக்கிரம் குணமாகு என்றாள் விரிசல். அந்த வெள்ளிக்கிழமைதான் கிளினிக் வாசலில் அந்த வரிசை. டாக்டரம்மா இருபத்துமூன்று பேரின் முழங்காலையும் தட்டினார். ஒருவனுக்கு மட்டும் பல்லில் சொத்தை என்று கண்டுபிடித்து, பல்லால் கணக்குப் போட மாட்டான் என்பதால் அவனுக்கும் எழுதிக் கொடுத்தார்.

இருபத்துமூன்று சான்றிதழும் தலைமையாசிரியை மேஜைக்குப் போயின. பள்ளியும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் புதிய கடிதம் தட்டச்சாகி வந்தது. இந்தத் தடவை ‘சொந்தக் காரணங்களால்’. இருபத்துநான்கு பேரும் அதைப் பணிவாக வாங்கிக்கொண்டு போய், மறுநாள் வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டோம் மேடம், எங்களுக்கு அப்படிச் சொந்தக் காரணம் எதுவும் இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை என்று விரிசல் எல்லோர் சார்பிலும் சொன்னாள். தேர்வு ஆபீசுக்கு இறுதிப் பட்டியல் முப்பத்திரண்டு பெயரோடு போய்விட்டது.

அதன்பின் மாலை நேரச் சிறப்பு வகுப்புக்கு எட்டுப் பேர்தான் என்று அறிவிப்பு வந்தது. மற்றவர்களுக்கு இடம் இல்லையாம். முப்பத்திரண்டு நாற்காலியும் அங்கேயேதான் கிடந்தன. இருபத்துநான்கு பேரும் கண்ணாடிப் பட்டறைக்குப் போனார்கள். அங்கே கரும்பலகை இல்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கண்ணாடித் தகடுகளில் மெழுகுப் பென்சிலால் கணக்குப் போட்டார்கள். நடுவில் சட்டத்தில் நிறுத்திய தகட்டில் இந்தப் பக்கம் ஒருத்தி போட, அந்தப் பக்கம் நின்று ஒருவன் இடவலம் மாற்றிப் படித்துத் தப்புக் கண்டுபிடித்தான். ஒரு தகடு துடைக்காமலே ஒரு வீட்டுக்குப் போய், குளியலறை ஜன்னலில் ஏறிவிட்டது. அந்த வீட்டுக்காரர் வந்து சண்டை போடவில்லை. மூன்றாவது வரியில் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா முதல் ஒரு வாரம் முணுமுணுத்தார். பிறகு ஒரு காலை, பள்ளியில் ஏணிமேல் நின்று உடைந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, தலைமையாசிரியை கீழே வந்து நின்றார். மகளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா, எத்தனை வருடத்துப் பெயர் இது என்று தணிந்த குரலில் கேட்டார். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் விரிசல் தூணோரம் ஒதுங்கிக் காதைத் தீட்டிக்கொண்டாள். அப்பா என்ன சொல்வார் என்று அவளுக்கே தெரியாது. அப்பா சட்டத்தில் காய்ந்து ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

“மேடம், இந்த ஸ்கூல்ல நான் எத்தனையோ கண்ணாடி மாத்தியிருக்கேன். உடைஞ்சதைத்தான் கழட்டுவேன். உடைஞ்சிடுமோன்னு பயந்து நல்லா இருக்கறதை ஒரு நாளும் கழட்டினதில்ல.”

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் பட்டறையில் இன்னும் இரண்டு பெரிய தகடுகள், எந்த ஆர்டரும் இல்லாமல், சுவரோரம் வந்து நின்றன.

தேர்வன்று எட்டு மேஜை போட்டுப் பழகிய அறை போதவில்லை. உணவுக்கூடத்தைத் திறந்தார்கள். கணக்கு வாத்தியாரே மேஜை தூக்கினார். தாளைக் கொடுத்துக்கொண்டே வந்தவர், விரிசலிடம் வந்தபோது, படம் போட்டுவிட்டுக் கணக்குக்குள் இறங்கு என்று உதடு அசையாமல் சொல்லிவிட்டு நகர்ந்தார். விரிசல் கேள்விகளைப் பார்த்தாள். நான்காவது கேள்வியில் ஒரு வளைவு இருந்தது. இருபது நிமிடம் முறைத்தாள். பிறகு எழுதினாள்.

முடிவு வந்த நாளில் பெயிண்டர் தூரிகையோடு பலகை முன்னால் நின்று, என்ன எழுத என்று மூன்று தடவை கேட்டார். எழுதியவர் முப்பத்திரண்டு. தேறியவர் இருபத்திரண்டு. அறுபத்தெட்டே முக்கால் சதவீதம். கணக்கு வாத்தியார் அந்த முக்காலை விடக்கூடாது என்று பக்கத்திலேயே நின்றார். தலைமையாசிரியை நூறுகளின் வரிசையையும் அதன்கீழே இந்த எண்ணையும் வெகு நேரம் பார்த்தார். பதினோரு வருடத்தில் இருபத்திரண்டு பேர் ஒரு தடவையும் தேறியதில்லை என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று தெரியவில்லை. தாழ்வாரத்தில் இருபத்துநான்கு பேர் நின்றார்கள். அடுத்த வருடம் யாருக்கும் எந்தக் கடிதமும் தட்டச்சாகவில்லை.

விரிசல் இப்போது பாலங்களின் வளைவுகளுக்குச் சுமை கணக்குப் பார்க்கும் அலுவலகத்தில் இருக்கிறாள். இன்னமும் எல்லோரையும்விட மெதுவாகத்தான் போடுகிறாள்; போட்ட பிறகு யாரும் திருத்துவதில்லை. அன்று புதிதாகத் தேறிய பதினான்கு பேரில் முதலாவதாக வந்தவளும் அவள்தான். தொண்ணூற்றொன்று. விடைத்தாளைத் திருத்தியவர் அந்த நான்காவது கேள்விக்கு எழுந்து நின்று கை தட்டினாராம்.

இவ்வளவு நேரமும் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மா, இந்த இடத்தில் கையை நிறுத்தினார்.

“தொண்ணூத்தொண்ணு எங்கேருந்து வந்துச்சு? அவ வாங்கினது முப்பத்தொண்ணு. பாஸுக்கு நாலு மார்க் குறைச்சல். நாலாவது கேள்வியைத் தவிர எல்லாத்தையும் அரைகுறையா விட்டுட்டு வந்தா. அடுத்த வருஷம் தனியா ஃபாரம் போட்டு மறுபடி போய் உக்காந்து அறுபத்துநாலு எடுத்தா. அந்த முப்பத்தொண்ணை நீங்க பாட்டுக்கு எடுத்துடாதீங்க. இந்த வேலைக்கு இன்டர்வ்யூ போனப்போகூட ரெண்டு தாளையும் கொண்டுபோய், அதைத்தான் மேல வெச்சு நீட்டினா.”